நூறு பந்து வீசினால் கை தேய்ந்துவிடுமா? ஸ்ட்ராஸ்பர்க், மெட்லன், ஹார்வி, ஸ்கீன்ஸ்

வாசகர் கேள்வி, ஜனவரி 9

பால் ஸ்கீன்ஸ் என்ற பிட்ஸ்பர்க் பைரட்ஸ் பேஸ்பால் பையனைப் பற்றி இங்கே ஆளாளுக்கு எழுதுகிறீர்கள். 2024 ஜூலையில் மில்வாக்கியில், ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தில் ஏழு முடியும்வரை, யாரும் அவர் பந்தை அடித்துத் தளத்துக்கு ஓட (ஹிட்) அவர் விடவில்லை. 11 பேரை மூன்று ஸ்ட்ரைக்கில் வெளியேற்றி (ஸ்ட்ரைக்அவுட்) இருந்தார். 99 பந்தோடு கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டார்கள். வயது 22, உயரம் ஆறடி ஆறங்குலம். நம் வேகப்பந்து வீச்சாளர் டெஸ்ட் ஆட்டத்தில் ஒரே நாளில் இருபது ஓவர் வீசிவிட்டு மறுநாள் காலையும் வந்து நிற்கிறார். இவர்கள் நூறு பந்து வீசிவிட்டு ஐந்து நாள் ஓய்வெடுக்கிறார்கள். பணக்கார விளையாட்டின் சொகுசு என்பதைத் தவிர இதில் என்ன இருக்கிறது?

ஜனவரி 9, இரவு

சொகுசு இல்லை, முழங்கை.

கிரிக்கெட்டில் கையை நீட்டிச் சுழற்றுகிறோம். முழங்கை மடங்கி 15 டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால் விதிமீறல். அந்த விவகாரத்தில் முரளிதரன் பட்ட பாடு எல்லோருக்கும் நினைவிருக்கும். சுமையை ஓட்டமும் முன்னங்காலும் முதுகும் வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் பும்ராவுக்கு முதுகில் பிரச்சினை வந்து 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் அறுவைச் சிகிச்சை வரை போனது.

பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சர் ஓடி வருவதில்லை. பத்து அங்குல உயர மண்மேட்டில் நின்று, ஒரு காலைத் தூக்கி, ஒரே எட்டில் மொத்த உடம்பின் வேகத்தையும் மடங்கிய கைக்குள் அனுப்புகிறார். அந்தக் கணத்தில் தோள் உட்புறமாகத் திரும்பும் வேகம் நொடிக்கு ஏழாயிரம் டிகிரி என்று அளந்திருக்கிறார்கள். முழங்கையின் உட்பக்கம் ஒரு சின்னத் தசைநார் இருக்கிறது. ஒவ்வொரு முழுவேகப் பந்திலும் அங்கே விழும் முறுக்கு, அந்தத் தசைநாரை மட்டும் தனியாக எடுத்துச் சோதித்தபோது அது அறுந்த அளவைவிட அதிகம். சுற்றியிருக்கும் தசைகள் பங்கு போட்டுக்கொள்வதால்தான் பிழைக்கிறது. தசை களைத்தால் பங்கு குறையும். 99ஆவது பந்து முதல் பந்தைப் போன்றது இல்லை.

ஆகவே இருபது ஓவர் கணக்கை இங்கே கொண்டுவராதீர்கள். உடம்பில் வேறு இடம், வேறு வலி.

ஜனவரி 10, காலை

டாமி ஜான் என்பது நோயின் பெயரா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். மனிதர் பெயர். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் இடதுகைப் பிட்சர். 1974இல் அவருக்கு அந்தத் தசைநார் போனது. ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் வலது முன்கையிலிருந்து ஒரு தசைநாணை எடுத்து இடது முழங்கை எலும்பில் துளை போட்டுக் கோத்துக் கட்டினார். அந்த அறுவைக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. தேற நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்றுதான் ஜோப் நினைத்தார். டாமி ஜான் 1976இல் திரும்பி வந்து 1989 வரை ஆடினார். மொத்தம் 288 வெற்றி, அதில் 164 அறுவைக்குப் பிறகு.

அந்தத் தசைநாண் உங்களுக்கு இருக்கிறதா என்று இப்போதே பார்க்கலாம். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் தொடவைத்து மணிக்கட்டை உள்பக்கம் மடக்குங்கள். நடுவில் கயிறாகப் புடைத்து நிற்கும். சிலருக்குப் பிறவியிலேயே கிடையாது, அதனால் ஒரு குறையும் இல்லை. என் மனைவிக்கு இரண்டு கையிலும் இல்லை. பிட்சர் ஆகும் யோசனையைக் கைவிட்டுவிட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

ஜனவரி 10, இரவு

ஸ்கீன்ஸைப் புரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பர்க்கிலிருந்து தொடங்க வேண்டும். நான் வடக்கு வர்ஜீனியாவில் இருப்பவன். என்னைப் பேஸ்பால் பக்கம் இழுத்தவரே அவர்தான், அதனால் கொஞ்சம் நீளும்.

சான் டியேகோ பையன். கல்லூரிக்குப் போகும்போது பருமனாக இருந்தார். பயிற்சியில் மூச்சு வாங்கி வாந்தி எடுத்தவர். சான் டியேகோ ஸ்டேட்டில் டோனி குவின் பயிற்சியில் உடம்பு இறுகியது, வேகம் ஏறியது. 2008இல் யூட்டா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 23 ஸ்ட்ரைக்அவுட். அதே ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற அமெரிக்க அணியில் அவர் மட்டும்தான் கல்லூரி மாணவர். 2009இல் அணிகள் புதுமுகங்களைப் பங்கிட்டுக்கொள்ளும் தேர்வில் வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. அப்போது நேஷனல்ஸ் என்றால் தோற்கும் அணி என்று அர்த்தம். ஏஜென்ட் ஸ்காட் போராஸ் கெடு முடியும் நிமிடம் வரை இழுத்து, 1.51 கோடி டாலருக்குக் கையெழுத்துப் போடவைத்தார். அந்தத் தேர்வில் வந்த புதுமுகத்துக்கு அதுவரை யாரும் கொடுக்காத தொகை.

2010 ஜூன் 8, முதல் ஆட்டம். எதிரே யார் தெரியுமா? இதே பிட்ஸ்பர்க் பைரட்ஸ். ஏழு இன்னிங்ஸ், 94 பந்து, 14 ஸ்ட்ரைக்அவுட். நான்கு தவறான பந்து வீசி இலவசமாக முதல் தளம் கொடுக்கும் 'வாக்' ஒன்றுகூட இல்லை. கடைசி ஏழு பேட்டர்கள் வரிசையாக ஸ்ட்ரைக்அவுட். மேலே எங்கோ ஒரு மூலையில் இருந்தேன். மணிக்கு நூறு மைல் பந்தைப் பார்த்துப் பழகிய பேட்டருக்கு அடுத்ததாகத் தொண்ணூறு மைலில், வேகம் குறைத்து ஏமாற்றும் ஒரு சேஞ்ச்அப் வந்து காலடியில் விழும். தொண்ணூறு என்பது அந்தக் காலத்தில் பல பிட்சர்களின் முழுவேகம். பக்கத்தில் இருந்த முதியவர் ஒவ்வொரு ஸ்ட்ரைக்அவுட்டுக்கும் தொப்பியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் கழற்றியே வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 21, ஃபிலடெல்ஃபியா. ஒரு சேஞ்ச்அப் வீசிவிட்டுக் கையை உதறினார். அவ்வளவுதான். பன்னிரண்டு ஆட்டம், 68 இன்னிங்ஸ், 92 ஸ்ட்ரைக்அவுட், பிறகு டாமி ஜான். வயது 22.

ஜனவரி 11

2012. இனி எல்லோரும் அடித்துக்கொள்ளும் பகுதி.

அறுவைக்குப் பின் அவருடைய முதல் முழுப் பருவம். ஏறக்குறைய 160 இன்னிங்ஸுடன் நிறுத்திவிடுவோம் என்று ஜெனரல் மேனேஜர் மைக் ரிஸோ தொடக்கத்திலேயே கோடு போட்டுவிட்டார். முன்மாதிரியும் இருந்தது: ஜோர்டன் ஸிம்மர்மன். அவருக்கும் அதே அறுவை, அவரையும் 2011இல் 161 இன்னிங்ஸில் நிறுத்தினார்கள். அப்போது யாரும் வாய் திறக்கவில்லை. அணி எங்கும் போகாத ஆண்டு, யார் கவலைப்படுவார்கள்?

2012இல் அணி 98 வெற்றி பெற்றுவிட்டது. வாஷிங்டன் நகரம் 1933க்குப் பிறகு அக்டோபர் பேஸ்பாலை, அதாவது பருவம் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளைப் பார்க்கவில்லை. ஸ்ட்ராஸ்பர்க் 15 வெற்றி, 197 ஸ்ட்ரைக்அவுட். செப்டம்பர் 7இல் மயாமிக்கு எதிராக மோசமான மூன்று இன்னிங்ஸ். மறுநாள் மேனேஜர் டேவி ஜான்சன் முடிந்தது என்று அறிவித்தார். 159 இன்னிங்ஸ், ஒரு அவுட். ஸ்ட்ராஸ்பர்க் இது தனக்குப் பிடிக்கவில்லை என்று வெளிப்படையாகவே காட்டிக்கொண்டார்.

கார்டினல்ஸுடன் ஐந்து ஆட்டத் தொடர். ஐந்தாவது ஆட்டத்தில் நேஷனல்ஸ் 6-0 முன்னிலை. ஒன்பதாவது இன்னிங்ஸ் தொடங்கும்போது 7-5. ட்ரூ ஸ்டோரன் நான்கு ரன் கொடுத்தார். 9-7, ஆட்டம் போனது, பருவம் போனது. மறுநாள் அலுவலகத்தில் பேஸ்பால் தெரியாதவர்கள்கூட ரிஸோவைத் திட்டினார்கள்.

ஜனவரி 11, சற்று நேரம் கழித்து

"அவர் இருந்திருந்தால் கோப்பை" என்கிறவர்களுக்கு. ஸ்ட்ராஸ்பர்க் இடத்தை எடுத்துக்கொண்டவர் என்று அன்று பேசப்பட்டவர் ராஸ் டெட்வைலர். அவர் நான்காவது ஆட்டத்தில் ஆறு இன்னிங்ஸ் வீசித் தன் கணக்கில் ஒரு ரன்கூட விழாமல் பார்த்துக்கொண்டார். அந்தத் தொடரில் நேஷனல்ஸின் சிறந்த பந்துவீச்சு அதுதான். 12-4 என்று அடிவாங்கிய இரண்டாவது ஆட்டத்தில் வீசியவர், ஓய்வு கொடுத்துக் காப்பாற்றப்பட்ட அதே ஸிம்மர்மன். கடைசி இன்னிங்ஸைக் கோட்டைவிட்டது வேறு ஆள். ஸ்ட்ராஸ்பர்க் ஒன்பதாவது இன்னிங்ஸில் வந்திருக்கமாட்டார்.

ஜனவரி 12

கோட்டூர்புரத்திலிருந்து எழுதும் நண்பர் கேட்பது நல்ல கேள்வி: நிறுத்துவதற்குப் பதில் தாமதமாகத் தொடங்கியிருக்கலாமே?

அதே ஆண்டு, அதே பிரிவில், அட்லாண்டா பிரேவ்ஸ் அதைத்தான் செய்தது. கிரிஸ் மெட்லன். ஸ்ட்ராஸ்பர்க்குக்குச் சில நாட்கள் முன்பு, 2010 ஆகஸ்டில், டாமி ஜான் செய்துகொண்டவர். 2012 தொடக்கத்தில் அவரை இடையில் வந்து ஓரிரு இன்னிங்ஸ் வீசும் பிட்சராக மட்டும் வைத்திருந்தார்கள். ஜூலை 31இலிருந்துதான் ஆட்டத்தைத் தொடங்கவிட்டார்கள். பன்னிரண்டு ஆட்டம், ஒன்பது வெற்றி, தோல்வியே இல்லை. மொத்தம் 138 இன்னிங்ஸ். அக்டோபருக்குக் கை புதிதாக இருந்தது.

கணக்காகப் பார்த்தால் ரிஸோவின் திட்டத்தைவிட இது புத்திசாலித்தனம். ஏப்ரல் மாதத்து வெற்றிக்கும் செப்டம்பர் வெற்றிக்கும் பட்டியலில் ஒரே மதிப்பு, அக்டோபரில் மட்டும்தான் விலை மாறுகிறது. இதை முன்கூட்டி யோசிக்காததற்கு ஒரே காரணம், தன் அணி அக்டோபர் வரை போகும் என்று நேஷனல்ஸே நம்பவில்லை என்பதுதான் என் எண்ணம்.

ஜனவரி 12, இரவு

மெட்லன் கதையைப் பாதியில் விட்டேன், முடித்துவிடுகிறேன். புதிதாக வைத்திருந்த கையுடன் அக்டோபர் 5இல் கார்டினல்ஸுக்கு எதிராக ஒற்றை ஆட்ட நாக்அவுட். பிரேவ்ஸ் 6-3 தோல்வி. அதாவது நிறுத்திய அணியையும் சேமித்த அணியையும் ஒரே வாரத்தில் ஒரே அணி வீட்டுக்கு அனுப்பியது. 2014 மார்ச்சில் மெட்லனின் முழங்கை மறுபடி போனது. இரண்டாவது டாமி ஜான். பழைய மெட்லனைப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

ஜனவரி 14

"அப்படியானால் எதைச் செய்தாலும் கை உடையும், வீசவிடுங்கள்" என்று முடிவுகட்ட வேண்டாம். வீசவிட்ட கதையும் உண்டு. மேட் ஹார்வி, நியூயார்க் மெட்ஸ். 2013இல் டாமி ஜான், 2015இல் திரும்பினார். இவருக்கும் ஏஜென்ட் போராஸ்தான். செப்டம்பரில் 180 இன்னிங்ஸ் என்ற எல்லையைப் போராஸ் எழுப்பினார். நியூயார்க் நாளேடுகள் ஹார்வியைக் கோழை என்று சொல்லாத குறைதான். அவர் வீசினார். பருவமும் அக்டோபரும் சேர்த்து 216 இன்னிங்ஸ்.

கோப்பைக்கான இறுதித் தொடரான வேர்ல்ட் சீரீஸ், ஐந்தாவது ஆட்டம். கான்சாஸ் சிட்டிக்கு எதிராக எட்டு இன்னிங்ஸ், ரன் இல்லை, 2-0. மேனேஜர் டெரி காலின்ஸ் போதும் என்று முடிவெடுத்த பிறகு, ஹார்வி அவரிடம் போய் ஒன்பதாவதையும் நானே வீசுகிறேன் என்று அடம்பிடித்ததைத் தொலைக்காட்சியில் நேரலையாகப் பார்த்தோம். காலின்ஸ் விட்டுக்கொடுத்தார். ஒரு வாக், இரண்டு தளம் ஓடவிட்ட ஓர் அடி, ஒரு ரன். ஆட்டம் சமனாகி, பன்னிரண்டாவது இன்னிங்ஸில் 7-2 என்று போனது, கோப்பையும் போனது. அடுத்த ஜூலையில் தோள்பட்டை அருகே நரம்பு நசுங்கும் கோளாறு, அறுவை. 2018இல் மெட்ஸே அவரைக் கைகழுவியது. 2015இல் அவருக்கு வயது 26.

நான் நெடுநாள் ஒரு கட்சியாக இருந்தேன்: 2012இல் தவறு என்னவென்றால் ஸ்ட்ராஸ்பர்க்கை யாரும் கேட்கவில்லை. கை அவருடையது, மருத்துவர் பேசினார், ரிஸோ பேசினார், போராஸ் பேசினார், பத்திரிகைகள் பேசின, அவர் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஹார்வி கதையைத் தட்டச்சு செய்யும்போது அந்தக் கட்சி ஆட்டம் காண்கிறது. ஹார்வியைக் கேட்டார்கள். 26 வயதில், நாற்பதாயிரம் பேர் பெயரைச் சொல்லிக் கத்தும்போது, வேண்டாம் என்று சொல்லும் பிட்சர் பிட்சராக ஆகியிருக்கவே மாட்டார். அவர் வாயால் வரும் பதில் முன்பே தெரியும் என்றால், அவரைக் கேட்டதாக எப்படிச் சொல்வது?

ஜனவரி 14, இன்னும் தூக்கம் வரவில்லை

பணத்தை யாரும் பேசவில்லை. முதல் மூன்று ஆண்டு பெரும்பாலோருக்குக் குறைந்தபட்சச் சம்பளம்தான். 2024இல் அது 7,40,000 டாலர். அடுத்த மூன்று ஆண்டு நடுவர் தீர்ப்புப்படி கொஞ்சம் ஏறும். ஆறு ஆண்டு முடிந்த பிறகுதான் விரும்பிய அணிக்குப் போகலாம், சந்தை விலை கிடைக்கும். கை எப்போது மிக வேகமாக இருக்கும்? முதல் ஆறு ஆண்டில். மார்க் பிரையர் 2003இல் சிகாகோ கப்ஸுக்கு 18 வெற்றி, 245 ஸ்ட்ரைக்அவுட். செப்டம்பரில் பெரும்பாலான ஆட்டங்களில் 120, 130 பந்து என்று வீசவிட்டார்கள். அவரது கடைசி மேஜர் லீக் ஆட்டம் 2006, வயது 25. சந்தை விலை என்ன என்பதையே அவர் பார்க்கவில்லை.

மேஜர் லீக் வரை வந்தவர்கள் நிலை இது. கீழே மைனர் லீக்கில், முதல் தொழிற்சங்க ஒப்பந்தம் வந்த 2023க்கு முன்பு, உச்சநிலை டிரிபிள்-ஏ ஆட்டக்காரர்களுக்கே ஆண்டுக்கு 17,500 டாலர் அளவில்தான் குறைந்தபட்சம் இருந்தது. 2023 ஒப்பந்தத்தில் அது 35,800 ஆனது. எங்கள் ஊரில் அதை வைத்து வாடகை கொடுக்கலாம், சாப்பிட முடியாது.

ஜனவரி 17

"ஸ்ட்ராஸ்பர்க் நேஷனல்ஸைக் கொள்ளையடித்தார்" என்ற பதிவுக்குப் பதில்.

எண்களை முதலில் நேராக வைப்போம். 2016இல் அவர் போட்ட ஒப்பந்தம் 17.5 கோடி, ஏழு ஆண்டு. 2019இல் 209 இன்னிங்ஸ், 18 வெற்றி, 251 ஸ்ட்ரைக்அவுட். பருவத்தை 19 வெற்றி, 31 தோல்வி என்று தொடங்கிய அணி அது. அக்டோபரில் ஐந்து வெற்றி, தோல்வி இல்லை. மில்வாக்கிக்கு எதிரான நாக்அவுட்டில் வாழ்க்கையில் முதல்முறையாக இடையில் வந்து மூன்று இன்னிங்ஸ் வீசினார். வேர்ல்ட் சீரீஸ் ஆறாவது ஆட்டம், ஹூஸ்டன், தோற்றால் எல்லாம் முடிந்தது. முதல் இன்னிங்ஸில் இரண்டு ரன் போனது. பந்தைப் பிடிக்கும் விதத்தில் அடுத்து என்ன வரும் என்பதைக் காட்டிக்கொடுக்கிறார் என்று பயிற்சியாளர் கண்டுபிடித்துச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு பந்துக்கு முன்பும் கையுறையை ஆட்டி மறைத்தார். எட்டு இன்னிங்ஸ், ஒரு அவுட், மேலும் ரன் இல்லை. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். 1924க்குப் பிறகு வாஷிங்டனுக்கு முதல் கோப்பை.

அந்த டிசம்பரில், பழைய ஒப்பந்தத்துக்குப் பதிலாக, 24.5 கோடி, ஏழு ஆண்டு. அதற்குப் பிறகு எட்டே ஆட்டம், 31 இன்னிங்ஸ் சொச்சம். மணிக்கட்டு அறுவை, பிறகு நரம்பு நசுங்கும் கோளாறுக்காக விலா எலும்பை எடுக்கும் அறுவை. ஹார்வியை முடித்த அதே கோளாறு. 2022 ஜூனில் மயாமியில் ஒரே ஒரு ஆட்டம், பிறகு விலாவில் மறுபடி பாதிப்பு, 2024 ஏப்ரலில் ஓய்வு. ஓர் ஆட்டத்துக்கு மூன்று கோடி டாலர் என்று வகுத்துப் பார்த்துச் சிரிக்கிறார்கள். மலிவாக வீசிய ஆண்டுகளை யாரும் வகுத்துப் பார்ப்பதில்லை. என் கணக்கில் அந்த 24.5 கோடி 2019 அக்டோபருக்குக் கொடுத்த கூலி, தேதி மட்டும் பின்னால் போட்டிருக்கிறார்கள்.

அதே மாதம் அதே அணியின் ஆண்டனி ரெண்டன் ஏஞ்சல்ஸுக்குப் போனார். அவருக்கும் ஏழு ஆண்டு, அதே 24.5 கோடி. அவரும் பெரும்பாலும் காயத்தில்தான் இருந்தார். நேஷனல்ஸ் அவரை வைத்துக்கொண்டிருந்தாலும் கணக்கு இதுதான்.

ஜனவரி 18

2012 நிறுத்தம்தான் 2019ஐக் கொடுத்தது என்று சிலர் எழுதுகிறார்கள். நானும் விரும்பி நம்பக்கூடியதுதான். ஆனால் ஒரு கையை இரண்டு முறை வாழவைத்துப் பார்க்க முடியாது. மூன்று பிட்சர்களை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது. நிறுத்தப்பட்டவர் நீண்ட நாள் தாங்கினார் என்பது மட்டும் நடந்த விஷயம்.

ஜனவரி 19

வீட்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். மகனுக்குப் பன்னிரண்டு. மேஜர் லீக்கும் அமெரிக்கப் பேஸ்பால் சங்கமும் வெளியிட்ட வழிகாட்டுதல்படி 11, 12 வயதுக்கு ஒரு நாளில் 85 பந்துதான், 66ஐத் தொட்டால் நான்கு நாள் ஓய்வு. அவன் ஆடும் உள்ளூர் லீக் இதை ஒழுங்காக எண்ணுகிறது. வாரக் கடைசியில் பணம் கட்டி ஆடும் இன்னோர் அணி இருக்கிறது. அங்கே செவ்வாய்க்கிழமை எத்தனை வீசினான் என்று யாரும் கேட்கமாட்டார்கள். விதி அணிக்கு அணி தனித்தனி, முழங்கை ஒன்றுதான்.

போன கோடையில் முழங்கை "சுடுகிறது" என்றான். வலிக்கிறது என்று சொன்னால் உட்காரவைத்துவிடுவார்கள் என்பதால் சுடுகிறதாம். மருத்துவர் படம் எடுத்து, வளரும் எலும்பின் முனையில் எரிச்சல், சில வாரம் எறியவே கூடாது என்றார். அணிப் பயிற்சியாளரிடம் சொன்னேன். அரையிறுதி வரை தாங்குமா என்று கேட்டார். அன்றோடு அந்த அணியை விட்டோம். இப்போது இரண்டாம் தளத்தில் நிற்கிறான். எறியும் தூரம் குறைவு, வாய் மட்டும் ஓயாமல் வேலை செய்கிறது.

இதையும் 24.5 கோடியையும் ஒரே இழையில் எழுதுவது விநோதம்தான். ஆனால் 2024 டிசம்பரில் மேஜர் லீக் வெளியிட்ட காய அறிக்கையும் இங்கேதான் வந்து நிற்கிறது: வேகத்தைத் துரத்துவது, ஒவ்வொரு பந்தையும் முழுப் பலத்தோடு வீசுவது, அதைப் பள்ளி வயதிலேயே தொடங்குவது. 2008இல் சராசரி வேகப்பந்து 91 மைல், 2024இல் 94. வேகமாக வீசும் பையனைத்தான் தேர்வாளர்கள் பார்க்கிறார்கள், பையன்களுக்கும் அது தெரியும்.

ஜனவரி 21

கடைசியில் ஸ்கீன்ஸ். 2025இல் 187 இன்னிங்ஸ் சொச்சம், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரி 1.97 ரன், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது, ஒருமனதாக. வெற்றி பத்து, தோல்வி பத்து. அவர் அணி அவருக்கு ரன் எடுத்துக் கொடுப்பதில்லை, அவ்வளவுதான். 2024இல் சிறந்த புதுமுக விருது கிடைத்ததால் விதிப்படி ஒரு முழு ஆண்டு பணிக்கணக்கு அவருக்குச் சேர்ந்தது. 2029 முடிந்ததும் சந்தைக்குப் போகலாம். அதுவரை அந்தக் கை பைரட்ஸிடம் இருக்கும்.

99 பந்தில் அழைத்துக்கொண்டது சரியா என்று தொடங்கிய கேள்விக்கு: ஜூலை மாதம், இரண்டு மாதமாக மட்டுமே மேஜர் லீக்கில் இருப்பவர், ஒரு சாதனைக்காக 130 பந்து வீசவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அவர் கேட்டிருந்தால் வீசுகிறேன் என்றுதான் சொல்லியிருப்பார், அதனால் கேட்காமல் விட்டதும் சரி. அக்டோபரில் என்ன செய்வார்கள் என்று கேட்கிறீர்கள். பைரட்ஸ் கடைசியாக அக்டோபர் ஆட்டம் ஆடியது 2015இல். அந்தத் தலைவலி முதலில் அவர்களுக்கு வரட்டும்.